அடியிலிருந்து கருகும் இலைகள்

"விளக்கு மேலதானே தொங்குது? அப்ப அடியில எப்படிக் கருகும்னுதான் கேக்குறேன்..."

"கருகியிருக்கு, அவ்வளவுதான். நான் என்ன இலைக்கு வைத்தியம் பாக்குறவனா..."

"என்னைப் பேசி முடிக்க விடு ரீனுஸ்."

"நீ என்னிக்கு வில்மா பேசி முடிச்சிருக்க?"

இரண்டு காபிக் கோப்பைகளுக்கு நடுவில் அந்த இலை கிடந்தது. ஏழு விரல் இலை. மேல்பக்கம் குற்றம் சொல்ல முடியாத பச்சை. வில்மா காம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம் முழுக்க வெளுத்து, வெந்த மீன்தோல் போலச் சுருங்கியிருந்தது. ஏழு விரல்களும் கீழ்நோக்கி மடங்கியிருந்தன, எதையோ தொடப் போய்ச் சுட்டுக்கொண்ட கையைப் போல.

"இது உச்சியில இருந்த இலை இல்ல. மண்ணுக்கு ஒரு சாண் மேல இருந்தது. அங்க விளக்கு வெளிச்சமே எட்டாது."

"சத்து குறைஞ்சிருக்கும்."

"சத்து குறைஞ்சா மஞ்சளாப் போகும். இது வெந்திருக்கு. இத்தனை வருஷம் கஞ்சா வளக்குற, உனக்கு வித்தியாசம் தெரியாதா? என் தம்பி இருந்திருந்தா பாத்த உடனே சொல்லியிருப்பான்."

"உன் தம்பி ஸ்பெயின்ல மணல்ல மல்லாந்து படுத்துக் கிடக்கான். போன் போட்டுக் கேளு."

"எடுக்க மாட்டேங்குறானே."

"மறந்துட்டான். ஓடிப் போனவனுக்கு அக்கா என்ன, அத்தான் என்ன?"

வில்மா சர்க்கரையைக் கலக்கினாள். கரைந்து முடிந்த பிறகும் கலக்கிக்கொண்டே அவனைப் பார்த்தாள். பிறகு இலையை எடுத்து, கசங்காமல், மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. அதில் ஏன் போடவில்லை என்று ரீனுஸ் கேட்க நினைத்தான். 

வில்மாவின் தம்பி யோஸ்தான் அந்த வீட்டுப் பரணைத் தோட்டமாக்கியவன். நெதர்லாந்தின் டில்பர்க்கில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றின் உச்சியில், சாய்ந்த கூரைக்கு உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டி, சோடியம் விளக்குகளைத் தொங்கவிட்டு, ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே போகாமலும் உள்ளே வராமலும் அடைத்தவன் அவன். விளக்குகளுக்கான மின்பெட்டிகளை மட்டும் பரணுக்குக் கீழே, படிக்கட்டு முடிகிற இடத்தில் வைத்தான். அவையும் சூட்டைக் கக்கும், செடிக்கு ஆகாது என்பான். ஒவ்வொரு பெட்டியிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. சாயங்காலம் விளக்கு எரிய ஆரம்பித்ததும் திருகில் கைவைத்து, மேலே பலகைக் கதவு வழியாகச் செடிகளை எட்டிப் பார்த்து, ஏலம் போடுகிறவன் குரலில் கேட்பான்: "கூட்டவா, குறைக்கவா?"

செடி பதில் சொல்லும் என்பது அவன் கட்சி. "உள்ளங்கைய மேல காட்டி நின்னா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம் மச்சான். விரலை மடக்குச்சுன்னா, போதும் போதும்னு கெஞ்சுது. உச்சி வெளுத்துச்சுன்னா நீ கேக்காம விட்டுட்டன்னு அர்த்தம்."

ரீனுஸ் கேட்கிற ஆள் இல்லை. அவனுக்கு எப்போதும் கூட்டத்தான் தெரியும்.

*

ராத்திரி முழுக்க விளக்கு எரிந்து காலையில் அணைகிற வீடு அது. ஊருக்குப் பகல் என்றால் பரணில் செடிகளுக்கு இரவு. அந்த இரவில் வெளிச்சம் பட்டால் செடி மிரண்டுவிடும். அதனால் பகலில் உள்ளே போக வேண்டுமென்றால் நெற்றியில் கட்டிக்கொள்ளும் சின்னப் பச்சை விளக்கு ஒன்றுதான். பச்சையைச் செடி பார்ப்பதில்லை.

வெளியே நல்ல மத்தியானம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பனி உருண்டை எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ரீனுஸ் நெற்றியில் பச்சை விளக்கோடு ஏணியில் ஏறி, புதுப்பலகையில் செய்த கதவின் தாழ்ப்பாளை இழுத்தான். அந்தத் தாழ்ப்பாள் நகரும்போது முதலில் ஒரு கீச்சு, அப்புறம் ஒரு கட்டை அடித்தாற்போல் சத்தம். கதவைப் போன கோடையில் மாற்றினான்; தாழ்ப்பாள் மட்டும் பழையது.

உள்ளே கதகதப்பும் ஈரமும் முகத்தில் அப்பின. எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் பழைய வியர்வையும் கலந்த அந்தப் பச்சை வாடை, காற்றை உறிஞ்சிக் கரி வடிகட்டி வழியாக வெளியே தள்ளும் விசிறியின் முனகல், இலையிலிருந்து எப்போதாவது சொட்டும் தண்ணீர், கூரைக்கு மேல் பனி உருகி ஓட்டில் வழிகிற சலசலப்பு எல்லாம் அவனுக்குப் பழகியவைதான். பழகாதது செடிகள் நின்ற நிலை. இருட்டில் செடி இலைகளைத் தளரவிட்டுத் தூங்கும். இவை தூங்கவில்லை. அத்தனை இலைகளும் காம்பை முறுக்கிக்கொண்டு, முகத்தைத் தரைப்பக்கம் திருப்பியிருந்தன. மாடியிலிருந்து கீழே தெருவில் நடக்கிற எதையோ எட்டிப் பார்க்கிற கூட்டம்போல.

எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை சும்மா உட்கார வேண்டும். யோஸ் சொல்லிக்கொடுத்தது.

அணைத்தான். உட்கார்ந்தான்.

முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் கண்ணுக்குள் மிதக்கிற பூச்சிகள். அப்புறம், செடிகளுக்கு அடியில், தரையோடு தரையாக, ஒரு வட்டம். மெலிந்த மஞ்சள் வட்டம். முற்றிய பூசணிச் சதையின் நிறம்.

சோடியம் விளக்கின் நிறம்.

அது குழாய் வாய். கீழ்த்தளக் கூடத்தில் வாசலை ஒட்டி மீட்டர் அலமாரி; அதற்குள் தரையைத் துளைத்து, வீட்டுக்கு அடியிலிருந்து பரண்வரை அவனே இழுத்த அகலமான குழாய். அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும், செடிக்கு நல்லது என்று வில்மாவிடம் சொல்லியிருந்தான். குளிர்ந்த காற்றோடு வேறொன்றும் வந்தது. அதைக் கரி வடிகட்டி தின்றுவிடும். கஞ்சா வாடையையே தின்கிற வடிகட்டிக்கு அது பெரிதில்லை.

குழாயிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக். அணைத்த விளக்கு சூடு ஆறும்போது இரும்புக் கூடு சுருங்குகிற சத்தம். மேலே தொங்கிய விளக்குகளைத் தொட்டுப் பார்த்தான். அவை எப்போதோ ஆறிச் சில்லிட்டிருந்தன.

"மீட்டர் அலமாரியில பல்பை அணைக்காம விட்டியா?" என்று கீழே பார்த்துக் கத்தினான்.

"அங்க ஏது பல்பு?" என்றாள் வில்மா சமையலறையிலிருந்து.

ரீனுஸ் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் குழாய் வாய்க்குள் திணித்து, மேலே கறுப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டினான். கடைசிச் சுற்று ஒட்டும்போது உள்ளங்கையில் சூடு தெரிந்தது.

*

திருகுகளை எல்லாம் குறைத்தான். அது அவன் வாழ்நாளில் செய்யாத காரியம். முக்கால், அரை, அப்புறம் அதற்கும் கீழே, விளக்கு எரிகிறதா தூங்குகிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு. ஆனால் கருகல் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வரிசை இலை, அப்புறம் அதற்கு மேல் வரிசை, யாரோ படியேறி வருவதைப் போல.

பிறகு மொக்குகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாய்ச் சின்ன வாழைப்பழ வடிவில் ஆண்பூ தலைகாட்டியது. பெண் செடியில் ஆண்பூ. அதை நகத்தால் கிள்ளிக்கொண்டிருக்கும்போது யோஸின் குரல் அப்படியே காதுக்குள் கேட்டது: "சாகப் போறோம்னு தெரிஞ்சா செடி தனியாவே பிள்ளை பெத்துக்கும் மச்சான். வம்சத்தை விட்டுட்டுப் போவுது. அதை யாராலயும் தடுக்க முடியாது."

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. நாடா ஒட்டிய குழாய் வாய் மட்டும் மெல்ல உப்பி, மெல்ல வற்றியது.

பக்கத்து வீட்டு ட்ரூஸ் கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். வயதானவள், நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"ஏம்ப்பா ரீனுஸ், தெருவுல எல்லாக் கூரையிலயும் பனி நிக்குது, உன் கூரையில மட்டும் இத்தனை நாளா நிக்கலையே. பரண்ல என்ன, கோழிக்குஞ்சா பொரிக்குற?"

"வில்மாவுக்குக் குளிர் தாங்காது. ஹீட்டர்."

"நானும் அதான் போலீஸ்காரன் கேட்டா சொல்லணும்னு வெச்சிருக்கேன்." அவள் சிரித்தாள். "அது கெடக்கட்டும். இப்பக் கூரையில பனி நிக்க ஆரம்பிச்சிருச்சு, பாத்தியா? ஆனா உன் வாசப்படியப் பாரு."

பார்த்தான். தெரு முழுக்கக் கணுக்கால் அளவு பனி. அவன் வீட்டு வாசலில் மட்டும் கல் காய்ந்து, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என் பூனைகூட உங்க வீட்டுலதான் குடியிருக்கு. வெல்வெட் மெத்தை வாங்கிப் போட்டேன், அந்த மூதேவிக்கு உங்க வாசல் மிதியடிதான் வேணுமாம்." துடைப்பத்தை ஊன்றிக்கொண்டாள். "அப்புறம், கோடையில நீ குடுத்த பலகை இருக்கே, என் முயல் கூண்டுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. முயலு பெயின்ட்டையெல்லாம் கொறிச்சுத் தள்ளிருச்சு. உள்ள பாத்தா ஒரே கீறல். முன்னாடி நாய் கீய் அடைச்சு வெச்சிருந்தியா?"

அது பரணின் பழைய கதவு. நல்ல பலகையை உடைத்துக் குப்பையில் போட ரீனுஸுக்கு மனம் வந்ததில்லை. அந்தத் தெருவில் யாருக்கும் வராது. இரண்டு பூச்சு பெயின்ட் அடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தான்.

"வில்மா பாத்தாளா?" என்றான்.

"பாத்தாளாவா? நேத்து முயலுக்குக் கேரட் குடுக்க வந்தவ, கூண்டு முன்னாடியே உக்காந்துட்டா. ரொம்ப நேரம் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருந்தா. காபி ஆறிப் போச்சு, குடிக்கவேயில்ல."

*

போன ஆகஸ்டில் ஊரே வெந்துகொண்டிருந்தது. "இந்த அறுவடையோட சரி மச்சான். நானும் போறேன், அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ உன்கூட இருந்து வெளுத்துப் போயிட்டா" என்றான் யோஸ், சாயங்காலம், திருகைக் குறைத்துவிட்டு மேலே ஏறும்போது. கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. செடியைப் பற்றிச் சொல்வதுபோல, பார்த்ததைச் சொன்னான்.

அவன் உள்ளே போனதும் ரீனுஸ் தாழ்ப்பாளைத் தள்ளினான். கீச்சு. கட்டை. விசிறியின் வயரைப் பிடுங்கினான். பெட்டிகள் வரிசையாக எதிரே இருந்தன. ஒவ்வொரு திருகாகக் கடைசிவரை திருப்பினான். ஒரு பாடம் சொல்லித்தர வேண்டும் என்றுதான் நினைத்தான். அப்படித்தான் அன்றிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான்.

மேலே பலகையைத் தட்டுகிற சத்தம். "மச்சான், விளையாடாத. இங்க மூச்சு விட முடியல."

ரீனுஸ் அண்ணாந்து பார்த்து, அவன் குரலிலேயே, ஏலக்காரன் ராகத்திலேயே கேட்டான்: "யோஸ், கூட்டவா, குறைக்கவா?"

பிறகு வில்மாவின் சித்தி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனான். வில்மா முன்பே போயிருந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துகள் சொல்லி, தட்டில் பழக் கேக்கை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்து போகலாம் என்று நினைக்கிறபோதெல்லாம் யாராவது இன்னொரு பியர் ஊற்றினார்கள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. யோஸ் கதவுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். உதடு வெளுத்து, உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்து, விரல்கள் மட்டும் மடங்கி.

*

கழிப்பறைச் சுவரில் எல்லா வீட்டையும் போலப் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. அந்த மாதத் தாளில் வில்மாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ரீனுஸ் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தான். இப்போது அந்தப் பெயர் வெளுத்திருந்தது. தாளும் மையும் சேர்ந்து, வெயிலில் வைத்த துணிபோல. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

"சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் வில்மா கதவுக்கு வெளியிலிருந்து.

"எதுக்கு?"

"என் தம்பி பிறந்தநாள்."

"ஆளே இல்லாம பிறந்தநாளா? பைத்தியமா உனக்கு?"

"ஆள் இல்லாட்டி என்ன? குடும்பத்துக்குத்தானே வாழ்த்து சொல்லுவாங்க. உனக்குந்தான் சொல்லுவாங்க. அத்தான் நீ, முன்னாடி உக்காரு."

"யார் யாரு?"

"சித்தி, பெரியப்பா பசங்க, ட்ரூஸ். எல்லாரும் வாசல் வழியாத்தான் வருவாங்க. மிதியடியத் தட்டிப் போட்டு வெச்சிடறேன்."

அவள் காலடிச் சத்தம் கூடத்துப் பக்கம் போய், ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

அன்று சாயங்காலம் விளக்கு எரிகிற நேரத்துக்கு முன்பே ரீனுஸ் கூடத்துக்கு வந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. மிதியடிமேல் பூனை கால்களை நீட்டி மல்லாந்து, வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. அதன் வயிற்று மயிர் கீழிருந்து மஞ்சளாக ஒளிர்ந்தது.

மிதியடிக்கு அடியில் ஒரு பலகை. அதைத் தூக்கினால் தரைக்கும் மணலுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம். தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் ஓடுகிற தவழ்குழி. தெருவில் எல்லா வீட்டுக்கும் உண்டு. யாரும் திறப்பதில்லை.

அந்தப் பலகையின் நாலு விளிம்பிலும், மிதியடி நாருக்கு உள்ளிருந்து, ஊசி நூல் கோத்தாற்போல் வெளிச்சம் ஓடியது.

மிதியடியை இழுத்துச் சரியாக மூடினான். வெளிச்சம் நாரைத் தாண்டி வந்தது. மேலே கோட்டுகளைப் போட்டான். கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டான். பூனை எரிச்சலோடு எழுந்து, போர்த்திய எல்லாவற்றுக்கும் மேலே ஏறி மறுபடி படுத்துக்கொண்டது. கோட்டுத் துணி வழியாகவும் தெரிந்தது, கையால் மூடிய டார்ச் விளக்கைப் போல, ரத்தச் சிவப்பாக.

சனிக்கிழமை சித்தி வருவாள். குனிந்து பூட்ஸைக் கழற்றுவாள். "இதென்னடி வில்மா, கீழ விளக்கு எரியுது?" என்பாள். யாராவது பலகையைத் தூக்குவார்கள்.

அதற்கு முன்னால் அந்த விளக்கை அணைத்தாக வேண்டும்.

*

சனிக்கிழமை மத்தியானம் வில்மா கோட்டை மாட்டிக்கொண்டாள். "கேக் வாங்கிட்டு வந்திடறேன். செர்ரி வெச்சது. அவனுக்கு அதான் பிடிக்கும்."

"சீக்கிரம் வராத" என்று வாய் தவறிச் சொன்னான்.

"மெதுவா வரேன்" என்றாள் அவள்.

நாற்காலிகள் வட்டமாகத் தயாராயிருந்தன. ஒன்றின்மேல் காகிதத் தோரணம் சுற்றியிருந்தது, பிறந்தநாள்காரன் நாற்காலி. ரீனுஸ் அதைப் பார்க்காமல் பரணுக்கு ஓடி மண்வெட்டியையும் பச்சை விளக்கையும் எடுத்தான். இறங்கும்போது ஒரு கணம் நின்றான். பரண் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும், புது மரத்தூளோடு.

துருப்பிடித்ததென்று கழற்றியிருப்பாள். பிறகு கேட்கலாம். நேரமில்லை.

கோட்டுகளை வாரி எறிந்தான். பூனை இல்லை, அது சமையலறை வாசலில் நின்று முதுகைத் தூக்கி அவனையே பார்த்தது. மிதியடியைத் தள்ளினான். பலகையின் ஓரத்தில் ஏதோ இரும்பு மினுங்கியது. அதைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை. விளிம்பைச் சுற்றி ஓடும் வெளிச்சத்தைத்தான் பார்த்தான். நெம்பினான்.

இருட்டு.

வெறும் இருட்டு. ஈர மணல் வாடை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு கால்களை உள்ளே விட்டு இறங்கி, மண்டியிட்டுத் தவழ்ந்தான். குழாய்கள். சிலந்தி வலைகள். மூலையில், ஆகஸ்டில் யோஸை மூடி அவன் குவித்த மணல் மேடு.

மணல் மேட்டில் செடிகள்.

கைக்கு எட்டுகிற உயரம்தான். தரைப் பலகையில் தலை இடித்துப் பக்கவாட்டில் வளைந்து படர்ந்திருந்தன. ஆனால் என்ன செழிப்பு! பரணில் ஒரு தடவைகூட அவனுக்கு அப்படி வாய்த்ததில்லை. ஒரு கருகல் இல்லை, ஒரு மஞ்சள் இல்லை. யோஸின் சட்டைப் பையில் எப்போதும் விதை இருக்கும். அது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளிச்சமே இல்லாத இடத்தில் அவை எதைக் குடித்து வளர்ந்தன?

எல்லா இலைகளும் உள்ளங்கையைக் காட்டி நின்றன. மேலே அல்ல. நடுவிலிருந்த ஒன்றை நோக்கி.

தலைக்கு மேலே பலகை விழுந்தது.

கீச்சு. கட்டை.

அந்தச் சத்தத்தை அவன் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வான்.

"வில்மா?" தவழ்ந்து வந்து முதுகால் முட்டினான். "வில்மா! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும்." அவள் குரல் பக்கத்திலேயே கேட்டது, பலகையில் கன்னம் வைத்துப் படுத்திருப்பவள்போல. "முயல் கூண்டுப் பலகைய நான் பாத்தேன் ரீனுஸ். அவன் நகம் ஒண்ணு அதுலயே இருந்துச்சு."

"நான் வேணும்னு செய்யல. திற. சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"அவனும் திறக்கச் சொல்லியிருப்பான்ல?"

மிதியடி இழுபடுகிற சத்தம். தட்டிச் சரிசெய்கிற சத்தம். வாசல் மணி அடித்தது.

கதவு திறந்தது. குளிர்காற்றும் கூட்டமும் பனி உதறும் பூட்ஸ்களும். "வாழ்த்துகள் வில்மா! உன் தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்!" ஒவ்வொருவராக மிதியடிமேல் நின்று கால் தேய்த்தார்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவன் முகத்தில் மணல் உதிர்ந்தது. முத்தச் சத்தம். கோட்டு கழற்றும் சத்தம். சித்தியின் இருமல்.

கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது தோல் கிழிந்தது.

"அத்தான்காரன் எங்க?" ட்ரூஸின் குரல். "அவனுக்கும் வாழ்த்துச் சொல்லணுமே."

"அவனா?" என்றாள் வில்மா. "ஸ்பெயினுக்குப் போயிட்டான்."

மேலே எல்லாரும் சிரித்தார்கள். காலடிகள் நாற்காலி வட்டத்தை நோக்கிப் போயின. கேக் வெட்டுகிற தட்டுச் சத்தம்.

ரீனுஸின் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

டிக்.

பின்னால்.

டிக். டிக்.

திரும்பக் கூடாது. திரும்பவில்லை. ஆனால் எதிரே செங்கல் சுவரில் அவன் நிழல் மெல்ல விழுந்தது. முதலில் மங்கலாக. பிறகு ஓரங்கள் கூர்மையாகி. பூசணி நிறத்தில்.

முதுகு சுட்டது. சட்டை உலர்ந்து விறைத்தது. இலைகள் சரசரத்தன.

அவன் திரும்பினான்.

செடிகளுக்கு நடுவே யோஸ் உட்கார்ந்திருந்தான். தலை பலகையில் இடித்துச் சாய்ந்திருந்தது. அன்று ராத்திரி குடித்த வெளிச்சம் முழுவதையும் அவன் தோல் இப்போது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கன்னத்தின் வழியாக. மூடிய இமையின் வழியாக. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிய.

ரீனுஸ் முகத்தை மறைக்கக் கைகளைத் தூக்கினான். அவை மறைக்கவில்லை. உள்ளங்கைகள் தாமாக மேலே திரும்பின. நுனிகள் வெளுத்தன. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.

மணலில் கிடந்த ஒரு கை நகர்ந்து, காற்றில் ஒரு திருகைப் பிடித்தது. வெளுத்த உதடுகள் பிரிந்தன. அதே ஏல ராகம்.

"மச்சான், கூட்டவா, குறைக்கவா?"